எடுத்தால் குறையுமா, மறிக்க ஏலுமா?

மட்டக்களப்பில் உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன். "பொதுப் பண்டத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் பார்ப்போம்." வருகிற விடைகளும் வருடம் தவறாமல் அதேதான்: இ.போ.ச. பஸ், பெரியாஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாவி மீன். யாராவது ஒரு பிள்ளை "ரோட்டு" என்று சொல்லும். அந்த விடையில் பாதி சரி. மற்றவை எதுவும் பொதுப் பண்டம் இல்லை.

பிழை பிள்ளைகளுடையது அல்ல, 'பொது' என்ற சொல்லுடையது. அரசாங்கம் நடத்துவதையும் பொது என்கிறோம், ஊரார் எல்லோருக்கும் உரியதையும் பொது என்கிறோம், கேட்பாரற்றுக் கிடப்பதையும் பொது என்கிறோம். பொருளியலுக்கோ ஒரு பண்டம் யாருடைய கையில் இருக்கிறது என்பது இந்த இடத்தில் தேவையே இல்லை. அது கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்று, ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையுமா? இரண்டு, காசு கொடுக்காதவரை மறிக்க ஏலுமா? முதலாவதை 'நுகர்வில் போட்டி' என்றும், இரண்டாவதை 'விலக்கிவைக்கும் தன்மை' என்றும் புத்தகத்தில் படிப்பீர்கள். பரீட்சைக்கு அந்தச் சொற்களை எழுதுங்கள். யோசிப்பதற்கு நம்மூர்ப் பேச்சே போதும்.

இ.போ.ச. பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நீங்கள் இருக்கிற சீற்றில் இன்னொருவர் இருக்க முடியாது. ஆகவே எடுத்தால் குறைகிறது. ரிக்கெட் எடுக்காதவரைக் கொண்டக்டர் இறக்கிவிடலாம். ஆகவே மறிக்கவும் முடியும். இரண்டுக்கும் விடை 'ஆம்' என்றால் அது தனியார் பண்டம். ஓட்டுவது அரசாங்கம்தான், ஆனாலும் பொருளியல் கணக்கில் அந்த சீற்றும் ஒரு பார்சல் சோறும் ஒரே இனம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலும் அப்படியே. ஒருவர் படுத்திருக்கும் கட்டிலில் இன்னொருவரைப் படுக்கவைக்க முடியாது. இலங்கையில் வைத்தியம் இலவசம் என்பது நாம் எடுத்த ஒரு முடிவு, அது கட்டிலின் இயல்பை மாற்றிவிடாது. இப்படி, சந்தையில் விற்கக்கூடியதாக இருந்தும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்று அரசு கொடுக்கிறவற்றுக்குத் திறமைப் பண்டம் என்று தனிப் பெயரே இருக்கிறது. குழப்பிக்கொள்ளாதீர்கள். இதிலேயே பாதிப் பேர் புள்ளியைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று விடை வருகிற பண்டத்துக்கு, உலகெங்கும் பொருளியல் புத்தகங்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் உதாரணம் வெளிச்சவீடு. நமக்கு அதைத் தேடி எங்கும் போகத் தேவையில்லை. பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. இரவில் கடலுக்குப் போன ஒரு வள்ளம் அதன் வெளிச்சத்தைப் பார்த்துக் கரை பிடித்தால், அடுத்த வள்ளத்துக்கு வெளிச்சம் குறையப்போவதில்லை. காசு கட்டாதவன் கண்ணுக்கு மட்டும் அதை மறைத்துவைக்கவும் வழியில்லை. கரையோரத்துச் சுனாமி எச்சரிக்கைக் கோபுரங்களும் இந்த வகைதான். 2004 டிசம்பர் 26இல் அந்தச் சத்தம் இல்லாமல் போனதன் விலை என்ன என்று கல்லடி, நாவலடிப் பக்கத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இன்று அது ஒலித்தால் எல்லோர் காதிலும் விழும். ஒருவர் கேட்டதால் இன்னொருவருக்குச் சத்தம் குறைந்துவிடாது. இதுதான் தூய பொதுப் பண்டம்.

மற்ற இரண்டு வகைகளில் ஒன்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குறையாது, ஆனால் மறிக்கலாம் என்ற வகை. சூம் வகுப்பு ஒன்று போதும் இதற்கு. முப்பது பேர் கேட்டாலும் அறுபது பேர் கேட்டாலும் என் குரல் அதேதான். ஆனால் லிங்கும் பாஸ்வேர்டும் காசு கட்டியவருக்கு மட்டும். இதைக் கழகப் பண்டம் என்பார்கள். (லிங்கை நண்பனுக்கு அனுப்பிவிடுகிற பிள்ளைகள், மறிக்கும் தன்மையில் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று எனக்கு மாதந்தோறும் பாடம் எடுக்கிறார்கள்.)

மற்றது, குறையும், ஆனால் மறிக்க ஏலாது. வாவி மீன் இந்த இடத்தில்தான் வருகிறது. இதன் பெயர் பொது வளம். பொதுப் பண்டத்துக்கும் பொது வளத்துக்கும் பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். பிரச்சினையோ நேர் எதிரானது. பொதுப் பண்டத்துக்கு யாரும் காசு போடமாட்டார்கள். பொது வளத்தில் எல்லோரும் எடுப்பார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாடத்தில் மிச்சமெல்லாம் தானாக வரும்.

ரோட்டு பாதி சரி என்றேன் அல்லவா? கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போக முடிந்தது. விடியப்புறம் சைக்கிளில் தனியாகக் கடந்தவருக்கு அது வெளிச்சவீடு மாதிரி, அவர் போனதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. காலை ஏழரைக்கு பள்ளிப் பிள்ளைகளும் கந்தோர்க்காரரும் லொறியும் இரண்டு கரையிலும் காத்து நின்றபோது, அதே பாலம் வாவி மீன் மாதிரி ஆகிவிட்டது. ஏறிய ஒவ்வொரு வாகனமும் மற்ற எல்லோருடைய நேரத்திலும் கொஞ்சம் எடுத்தது. 2013இல் புதிய பாலம் வந்தபின் அந்தக் குறைதல் போய்விட்டது. ஆக, ஒரு பண்டம் எந்தப் பெட்டிக்குள் விழும் என்பது அதன் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. நேரமும் கூட்டமும் அதை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும்.

சரி, யாரும் போடமாட்டார்கள் என்றேனே, அது ஏன்? இதற்கு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் போவோம். அங்கே யானை வேலிதான் பேச்சு. மின்சார வேலி போட்டுவிட்டால் மட்டும் யானை நிற்காது. கம்பியில் புல்லும் கொடியும் தொட்டால் மின்சாரம் நிலத்துக்குள் போய்விடும். ஆகவே துப்புரவாக்கிக்கொண்டே இருக்கவேண்டும், பேட்டரியையும் பார்க்கவேண்டும். ஒரு கிராமத்தில் 40 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலியை ஒரு போகத்துக்குப் பராமரிக்க 60,000 ரூபா வேண்டும். யானை வராமல் இருப்பதன் பெறுமதி ஒரு குடும்பத்துக்கு 2,500 ரூபா. நாற்பது குடும்பத்துக்கும் கூட்டினால் ஒரு லட்சம். செலவோ அறுபதாயிரம். ஆளுக்கு 1,500 போட்டால் வேலை முடிந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரம் ரூபா இலாபம். இதை வேண்டாம் என்று சொல்ல எந்தக் குடும்பத்துக்கும் காரணம் இல்லை.

ஆனால் நடப்பது வேறு. ஒருவர் யோசிக்கிறார்: "மற்ற 39 பேரும் போட்டால் என் காசு இல்லாமலே வேலி நிற்கும். அவர்கள் போடாவிட்டால் என் 1,500 ரூபாவில் வேலி நிற்கப்போவதும் இல்லை." எப்படிப் பார்த்தாலும் போடாமல் இருப்பதுதான் அவருக்கு ஆதாயமாகத் தெரிகிறது. அவர் கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். நாற்பது பேரும் அதே கணக்கைப் போட்டால் வேலியில் கொடி படரும், ஒரு இரவில் வாழையும் நெல்லும் போகும். இதைப் பொருளியலில் இலவசச் சவாரி என்கிறார்கள். ஓசிச் சவாரி என்றால் நமக்கு இன்னும் வடிவாக விளங்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பாண் விற்கிறவர் மொத்தக் கேள்வியை, அதாவது வாங்குவோரின் மொத்தத் தேவையை, அறிய, ஒரே விலைக்கு எத்தனை பேர் எத்தனை இறாத்தல் வாங்குவார்கள் என்று அளவுகளைக் கூட்டுவார். வேலிக்கு அப்படிக் கூட்ட முடியாது. நாற்பது பேருக்கும் ஒரே வேலி, ஒரே அளவு. ஆகவே நாம் கூட்டியது அளவை அல்ல, ஒவ்வொருவரும் கொடுக்க விரும்பும் தொகையை. வரைபடத்தில் தனியார் பண்டத்தின் கேள்வி வளையிகளைக் கிடையாகக் கூட்டுகிறோம், பொதுப் பண்டத்தினுடையதை நிலைக்குத்தாகக் கூட்டுகிறோம் என்று சொல்வது இதைத்தான். 1954இல் அமெரிக்கப் பொருளியலாளர் போல் சாமுவல்சன் இதைக் கணித வடிவில் எழுதிவைத்தார். கூடவே அவர் காட்டிய சங்கடம்தான் முக்கியம்: "உனக்கு இது எவ்வளவு பெறுமதி?" என்று கேட்டால், அதற்கேற்பக் காசு அறவிடுவார்கள் என்று தெரிந்த எவரும் உண்மையைச் சொல்லமாட்டார். அதனால்தான் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்பு, டெங்கு ஒழிப்பு எல்லாம் கடைசியில் வரி என்ற வடிவில் வந்து நிற்கின்றன. வரியில் ஓசிச் சவாரி கொஞ்சம் கஷ்டம்.

அரசாங்கம் வரவே வேண்டும் என்பதும் இல்லை. பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1974இல் இங்கிலாந்தின் பழைய பதிவுகளைக் கிளறி, அங்கே தனியார் கட்டி நடத்திய வெளிச்சவீடுகள் இருந்தன என்று காட்டினார். கடலில் வெளிச்சத்தை மறிக்க முடியாது, ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்? அங்கே கட்டணத்தை வாங்கினார்கள். அந்த உரிமையைக் கொடுத்ததும் அதற்குப் பின்னால் நின்றதும் அரசுதானே என்று பிறகு மற்றவர்கள் மறுத்து எழுதினார்கள். எனக்கும் அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனி வாவிக்கு வருவோம். சந்தையில் பலகையில் கிடக்கும் இறால் தனியார் பண்டம். அதே இறால் முதல் நாள் இரவு வாவிக்குள் நீந்தும்போது பொது வளம். வலையில் விழுந்த கணத்தில்தான் அது ஒருவருக்குச் சொந்தமாகிறது. அதனால் பிடிப்பதில் ஒரு அவசரம் இருக்கிறது. இன்று சின்னதாக இருக்கிறதே, ஒரு மாதம் விட்டால் பெருக்குமே என்று நான் விட்டுவைத்தால், அது பெருத்து எனக்கு வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? பக்கத்துத் தோணிக்காரரின் வலைக்குப் போய்விடும்.

இதையும் கணக்காகப் பார்த்தால்தான் சூடு உறைக்கும். வாவியின் ஒரு பகுதியில் 10 தோணிகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 கிலோ, மொத்தம் 100 கிலோ. ஒரு தோணியின் நாள் செலவு, ஆள் கூலியும் வலைத் தேய்மானமும் சேர்த்து, 6 கிலோ மீனின் விலை. பதினோராவது தோணி வருகிறது. இப்போது எல்லோருக்கும் ஒன்பதரை கிலோ. புதியவருக்கு ஒன்பதரை வரவு, ஆறு செலவு, மூன்றரை கிலோ இலாபம். அவர் வந்தது சரிதானே? மொத்தத்தைப் பாருங்கள்: 104.5 கிலோ. அதாவது அவர் கொண்டுபோன ஒன்பதரையில் புதிதாக வாவி கொடுத்தது நாலரை கிலோதான். மிச்சம் ஐந்து கிலோ, பழைய பத்துப் பேரிடமிருந்து ஆளுக்கு அரைக் கிலோவாகப் போனது. நாலரை கிலோவைப் பெற ஆறு கிலோ செலவழித்திருக்கிறோம். ஊருக்கு நட்டம், வந்தவருக்கு இலாபம்.

இலாபம் இருக்கும்வரை வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தோணிக்கும் அரைக் கிலோ குறைந்துகொண்டே போனால், 18ஆவது தோணி வரும்போது ஆளுக்கு ஆறு கிலோ, செலவும் ஆறு கிலோ. அங்கே நின்றுவிடும். பத்துத் தோணி இருந்தபோது செலவு போக 40 கிலோ மிஞ்சியது. பதினெட்டில் மிச்சம் பூச்சியம். ஒருவர்கூட களவு செய்யவில்லை, ஒருவர்கூட சோம்பி இருக்கவில்லை. அப்புறம் யாராவது ஒருவர் கண் சிறிய தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையை இறக்கினால், குஞ்சும் போய்விடும், அடுத்த வருடக் கணக்கே மாறிவிடும். தங்கூசி வலைக்கு நாட்டில் தடை இருப்பது இதற்காகவும்தான்.

இந்தக் கதையைப் புற்தரையை வைத்து 1968இல் அமெரிக்க உயிரியலாளர் கரெட் ஹார்டின் சொன்னார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் தரையில் ஒவ்வொரு மாட்டுக்காரரும் இன்னொரு மாட்டை விடுவார், கடைசியில் புல்லே இராது என்றார். அவர் முன்வைத்த தீர்வுகள் இரண்டு: தனியாருக்குப் பிரித்துக் கொடு, இல்லாவிட்டால் அரசு கையில் எடு. பல காலம் பாடநூல்கள் இதோடு நின்றன. ஹார்டின் வர்ணித்தது உண்மையில் வேலியும் விதியும் இல்லாத, யாரும் யாரோடும் பேசாத ஒரு தரை. நமது ஊர்களில் மாடு அப்படித் திரிவதில்லை. பெரும்போக விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது, குளத்துக் கதவு திறப்பது எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது என்பதோடு, வயற்பக்கத்திலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியும் அங்கே தீர்மானமாகும். அந்தத் திகதிக்குப் பிறகு வயலில் மாடு நின்றால் வட்டை விதானையார் (வயல், நீர் அலுவல்களுக்குப் பொறுப்பானவர்) பார்த்துக்கொள்வார்.

அமெரிக்காவின் எலினோர் ஒஸ்ட்ரொம் செய்த வேலை, இப்படிப்பட்ட கூட்டங்களையும் விதானைமாரையும் உலகம் முழுக்கத் தேடிப் பார்த்ததுதான். சுவிட்சர்லாந்து மலைப் புற்தரை, ஸ்பெயின் வாய்க்கால், ஜப்பான் காடு என்று நூற்றாண்டுகளாகப் பொது வளத்தைத் தாங்களே காத்துவந்த ஊர்களைக் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதற்கு அடுத்தது. 1990இல் வெளியான அவருடைய முக்கிய நூலில் நமது அம்பாறையும் இருக்கிறது.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம். பழைய ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்பார்களே, அதன் குறுக்கே இங்கினியாகலையில் கட்டியதுதான் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம். அதன் இடதுகரைப் பகுதி 1970களின் முடிவில் சீரழிந்து கிடந்தது. கதவுகள் உடைந்திருந்தன, வாய்க்கால்களில் பற்றை மண்டியிருந்தது. தலைப்பக்கத்து விவசாயிகள் இரவு பகலாக நீரை எடுத்தார்கள், கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம், கடைப்பக்கத்தில் தமிழ் விவசாயிகள். நிலைமை எவ்வளவு கூர்மையானது என்று சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் நீர், வாவி மீனைப் போலவே, எடுத்தால் குறையும், மறிப்பது கஷ்டம். வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலையோ யானை வேலியைப் போலப் பொதுப் பண்டம். இரண்டு தலைவலியும் ஒரே இடத்தில்.

கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இல் ஒரு வேலை செய்தன. படித்துவிட்டு வேலையில்லாதிருந்த இளைஞர்களையும் யுவதிகளையும் அந்தக் கிராமங்களில் போய்க் குடியிருக்கவைத்தார்கள். அவர்கள் சட்டம் கொண்டுபோகவில்லை, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து இருபது பேர் ஒரு குழுவானார்கள். குழுவுக்கு ஒரு பிரதிநிதி, சம்பளம் இல்லை, வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆள். அந்தச் சிறுபோகத் தொடக்கத்தில் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான். சண்டை வர வேண்டிய வருடம். ஆனால் வாய்க்கால்களைச் சிரமதானம் போட்டு வெட்டினார்கள், முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள், பல வாய்க்கால்களில் தலைப்பக்கத்தார் தங்களுக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கீழே விட்டார்கள்.

இது எப்படி நடந்தது? எனக்குப் பிடித்த விளக்கம் குழுவின் அளவு. நாற்பதாயிரம் பேருக்குள் ஓசிச் சவாரி செய்கிறவர் முகம் தெரியாதவர். பதினைந்து பேருக்குள் அவர் இன்னாருடைய மச்சான். இன்று நீ வாய்க்கால் வெட்ட வரவில்லையென்றால் நாளைக்கு உன் மகளின் கலியாணத்தில் அதைப் பேசுவார்கள். எல்லையும் தெரிகிறது, யார் எடுக்கிறார் என்பதும் தெரிகிறது, பிசகினால் முதலில் ஒரு சொல், பிறகு ஒரு தண்டம். ஒஸ்ட்ரொம் நீண்டகாலம் நிலைத்த இடங்களில் கண்ட அம்சங்களும் கிட்டத்தட்ட இவைதான். ஆனாலும் அவர் கல்லோயாவை வெற்றிப் பட்டியலில் சேர்க்கவில்லை. முன்னேற்றம் உண்டு, இன்னும் நிலைபெறவில்லை என்ற இடத்தில்தான் வைத்தார்.

அதே நூலில் இலங்கையின் தென்கரைக் கிராமமான மாவெல்லவும் வருகிறது, தோல்வியாக. அங்கே கரைவலைக்காரர் யார் எந்த நாளில் கரையின் எந்த இடத்தில் வலை வளைப்பது என்று அழகான முறை வைத்திருந்தார்கள். முறை இருந்தது, வலைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1933இல் சட்டம் வரம்பு போட்டும், நடைமுறையில் வலைகள் கூடிக்கொண்டே போயின. நல்ல மீன் காலத்தில் தன் முறை வரும் வாய்ப்பைக் கூட்டவே ஒவ்வொருவரும் இன்னொரு வலையில் காசைப் போட்டார்கள். நமது பதினெட்டுத் தோணிக் கணக்கு அங்கே வலையாக நடந்தது.

பாடத்தை முடிக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுப்பேன். மாரி மழைக்கு வாவி நிரம்பியதும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடுவது எந்தப் பெட்டி? போன வருடம் ஒரு பிள்ளை, தகப்பன் வாவியில் தொழில் செய்கிறவர், எழும்பிச் சொன்னாள்: "பொதுப் பண்டம் சேர். வெட்டினால் எல்லா இடத்திலும்தானே தண்ணி இறங்கும், ஒரு வீட்டுக்கு மட்டும் இறங்காமல் மறிக்க ஏலாது." சரியான விடை. உடனே பின்வாங்கிலிருந்து வெல்லாவெளிப் பொடியன், "எங்கட வயல் தாழ்வு சேர், வெட்டத்தான் வேணும்" என்றான். அவளோ, "தண்ணியோட இறாலும் மீனும் கடலுக்குப் போனால் அப்பா என்ன செய்யிற?" என்று கேட்டாள்.

புத்தகத்துப் பொதுப் பண்டம் எல்லோருக்கும் நன்மை என்றுதான் வரும். மறிக்க ஏலாது என்பதற்கு வேண்டாதவராலும் தப்ப ஏலாது என்ற அர்த்தமும் இருக்கிறது. இருவருக்கும் முழுப் புள்ளி போட்டேன். எந்தத் திகதியில் வெட்டுவது என்பது வினாத்தாளில் இல்லை.